சுவர் அதிர்ந்தால் போதுமா?
வீட்டுத் தியேட்டரை ஒழுங்காக அமைக்கும் வழி

கார்த்திகைத் தீபத் திருநாள். மாலை மணி 6. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. கீழே வெடி முழங்குகிறது. மேளமும் முரசும் அதிர்கின்றன. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்ற முழக்கம் எழுகிறது.

இந்தக் காட்சியைக் காண ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். ஆனால், 2020-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி நடந்த தீபத் திருவிழாவில் அந்தக் கூட்டம் இல்லை. அது கொரோனா நோய் பரவிய காலம். கிரிவலம் வரவும், மலை ஏறவும் பக்தர்களுக்குத் தடை இருந்தது. எத்தனையோ குடும்பங்கள் வீட்டில் இருந்தபடியே, டி.வி. நேரடி ஒளிபரப்பில் தீபத்தைக் கண்டன.

தீபம் பளிச்சென்று தெரியும். ஆனால் முரசு?

இன்றைய டி.வி. மிகவும் மெல்லியது. அதன் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியும் சிறியது. முரசின் ஓசை அதில் தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் கேட்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பலர் "ஹோம் தியேட்டர்" வாங்குகிறார்கள். பண்டிகைப் பணத்தையோ, மாதத் தவணையையோ நம்பி வாங்குகிறார்கள். பெட்டி வீட்டுக்கு வருகிறது. வயர்கள் இணைக்கப்படுகின்றன. "பேஸ்" குமிழ் முழுவதும் திருப்பப்படுகிறது. "தம் தம்" என்று சுவர் அதிர்கிறது. கண்ணாடி அலமாரியில் டம்ளர்கள் நடுங்குகின்றன.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி! ஆனால் பாட்டி கேட்கிறார்: "என்னடா பேசுறான் அவன்? ஒண்ணும் புரியலையே!"

சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்.

பணம் செலவாயிற்று, ஆனால் வீட்டில் மகிழ்ச்சி இல்லை. குற்றம் பெட்டியிலா? பெரும்பாலும் இல்லை. பெட்டியை வைத்த இடத்திலும், வயரை இணைத்த முறையிலும், குமிழைத் திருப்பிய அளவிலும்தான் குற்றம். இந்த மூன்றையும் திருத்த ஒரு காசு கூடச் செலவு இல்லை!

அது எப்படி என்று பார்க்கலாம்.

மிருதங்கம் சொல்லும் பாடம்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு வினாடிக்கு எத்தனை முறை காற்று அதிர்கிறதோ, அந்தக் கணக்கை "ஹெர்ட்ஸ்" என்று சொல்வார்கள். மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற, மேலே உள்ள கீச்சொலிகள் கேட்பது குறைந்துவிடும்.

குறைந்த அதிர்வு உள்ள ஒலிதான் தாழ்ந்த ஒலி. இதைத்தான் "பேஸ்" என்கிறோம். முரசு, இடி, வெடி, லாரி எஞ்சின் ஆகியவற்றின் ஓசையில் இது அதிகம்.

மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன்பு இடது பக்கத்துத் தோலில் ரவைப் பசையை அப்புவதைப் பலர் பார்த்திருப்பார்கள். எதற்காக? பசையின் பாரத்தால் தோல் மெதுவாக அதிரும். மெதுவாக அதிர்ந்தால் ஒலி தாழும். "தொம்" என்ற கனத்த நாதம் பிறக்கும்.

பேஸ் ஒலிபெருக்கியின் தத்துவமும் இதுதான். இதை "சப்-ஊஃபர்" என்பார்கள். வீட்டில் சுருக்கமாக "ஊஃபர்". இதன் உள்ளே அகலமான, கனமான கூம்புத் தகடு இருக்கும். அது முன்னும் பின்னும் அசைந்து ஏராளமான காற்றைத் தள்ளும். ஏறக்குறைய 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை உள்ள தாழ்ந்த ஒலிதான் இதன் வேலை. விரல் அகலமே உள்ள டி.வி. ஒலிபெருக்கியால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

மனிதரின் பேச்சுக்கும் ஊஃபருக்கும் அதிக சம்பந்தம் இல்லை. ஒரு சொல்லைப் புரிய வைப்பவை "ச", "த", "ப" போன்ற எழுத்துகளின் கூர்மையான ஓசைகள். அவை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கின்றன. பேஸைக் கூட்டினால் இந்த ஓசைகள் அமுங்கிப் போகும். பாட்டிக்கு வசனம் புரியாத ரகசியம் இதுதான்!

பூகம்பத்தில் பிறந்த விந்தை

சினிமாக் கொட்டகைக்கு இந்தக் கனத்த ஒலி வந்த கதை சுவையானது.

1974-ம் ஆண்டு அமெரிக்காவில் "எர்த்குவேக்" என்ற படம் வெளிவந்தது. "எர்த்குவேக்" என்றால் பூகம்பம். பூகம்பக் காட்சியில், உட்கார்ந்திருக்கும் நாற்காலியே அதிர வேண்டும் என்று படக் கம்பெனி நினைத்தது. அதற்காகத் தியேட்டர்களில் மிகப் பெரிய பேஸ் பெட்டிகளை வைத்தார்கள். இந்த முறைக்கு "சென்சரவுண்ட்" என்று பெயர். ஹாலிவுட்டில் ஒரு புகழ்பெற்ற தியேட்டரில், மேற்கூரைச் சாந்து பெயர்ந்து ரசிகர்களின் தலையில் விழாதபடி வலை கட்டினார்கள்!

பிறகு "டால்பி" போன்ற முறைகள் வந்தன. தமிழ்நாட்டுத் தியேட்டர்களிலும் 1990-களில் இந்த ஒலி கேட்கத் தொடங்கியது. 1995-ல் வெளிவந்த "குருதிப்புனல்" படம் டால்பி ஒலியுடன் வந்தது.

இன்று ஹோம் தியேட்டர் பெட்டியின் மேல் "5.1" என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்கு என்ன பொருள்?

முன்பக்கம் இடது, வலது, நடு என்று மூன்று பெட்டிகள். உட்காருபவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு பெட்டிகள். ஆக 5. புள்ளிக்குப் பின்னால் வரும் 1 தான் ஊஃபர். அது தாழ்ந்த ஒலி என்னும் சிறு பகுதியை மட்டும் எடுத்துக் கொள்வதால், அதற்கு முழு எண் கொடுக்காமல் புள்ளி ஒன்று என்று எழுதுகிறார்கள்.

ஐந்தில் முக்கியமானது எது? நடுப்பெட்டி. வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். அதை டி.வி.க்கு நேர் கீழே, உட்காருபவரின் முகத்தை நோக்கி வைக்க வேண்டும். அலமாரிக்கு உள்ளே தள்ளி வைத்தால் வசனம் குகைக்குள் பேசுவது போல ஆகிவிடும்.

இடது, வலது பெட்டிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பெட்டிக்கும் மற்றொரு பெட்டிக்கும் உள்ள தூரம் 6 அடி என்றால், உட்காரும் இடமும் இரண்டிலிருந்தும் 6 அடி இருக்கட்டும். அதாவது மூன்று பக்கமும் சமமான முக்கோணம்.

அறையும் ஒரு வாத்தியம்

திருவண்ணாமலையில் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கின்றன. பல வீடுகளில் கூடம் சிறியது. 10-க்கு 12 அடி இருந்தால் பெரிய காரியம். இந்தக் கூடத்தில்தான் ஊஃபர் தன் வித்தையைக் காட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது.

ஒலி அலை அலையாகச் செல்லும். 3,400 ஹெர்ட்ஸ் உள்ள கீச்சொலியின் ஓர் அலை சுமார் 4 அங்குல நீளம். ஆனால் 40 ஹெர்ட்ஸ் உள்ள பேஸ் ஒலியின் ஓர் அலை எவ்வளவு நீளம் தெரியுமா? சுமார் 28 அடி! அறையின் நீளமே 12 அடிதான். அலை முழுவதும் அறைக்குள் அடங்காது. அது ஒரு சுவரில் மோதும், திரும்பும், எதிர்ச் சுவரில் மோதும். போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இப்படிக் கலக்கும்போது சில இடங்களில் ஒலி இரட்டிப்பாகும். சில இடங்களில் அடியோடு மங்கிவிடும். 12 அடி நீள அறையில், 47 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஒலி, நீளத்தின் இரு கோடிச் சுவர்களின் ஓரமும் மிகுதியாகக் கேட்கும். சரியாக நடு அறையில் மங்கிப் போகும்.

அதனால்தான், நாற்காலியில் இருக்கும் அப்பா "பேஸே இல்லையே!" என்கிறார். சுவரில் சாய்ந்திருக்கும் மகன் "காது அடைக்கிறது!" என்கிறான். இருவர் சொல்வதும் உண்மைதான்!

நீளமும் அகலமும் சமமாக உள்ள சதுர அறையில் இந்தத் தொல்லை அதிகம். ஏனென்றால், இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் பெருகும். ஒரே ஒலிதான் மங்கும்.

இதற்கு எளிய மருந்து உண்டு. நாற்காலியை நடு அறையில் போடாதீர்கள். பின் சுவரோடு ஒட்டியும் போடாதீர்கள். இரண்டுக்கும் இடையில் போடுங்கள். ஓர் அடி, இரண்டு அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

தவழ்ந்து தேடுங்கள்!

ஊஃபரை எங்கே வைப்பது?

ஒரு நல்ல செய்தி: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் ஊஃபரை டி.வி.க்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அறையில் நல்ல இடம் எதுவோ அங்கே வைக்கலாம்.

மூலையில் வைத்தால் ஒலி மிகப் பலமாக வரும். இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதைப் பெருக்கிக் கொடுக்கும். ஆனால் பல அறைகளில் மூலையில் வைத்த ஊஃபர் "பொம் பொம்" என்று ஒரே சுருதியில் உறுமும். தவிலும் ஒன்றுதான், வெடியும் ஒன்றுதான் என்றாகிவிடும்.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. உலகம் முழுவதும் ஒலி நிபுணர்கள் சொல்லித் தரும் தந்திரம் இது.

முதலில் ஊஃபரைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வையுங்கள். பிறகு, பேஸ் ஒலி ஏறி இறங்கி வரும் ஒரு பாட்டைப் போடுங்கள். இப்போது சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். காது, ஊஃபர் இருக்க வேண்டிய உயரத்தில் இருக்கட்டும். ஓரிடத்தில் ஒலி உறுமும். ஓரிடத்தில் மங்கும். ஏதாவது ஓரிடத்தில் எல்லா சுருதியும் சீராக, தெளிவாகக் கேட்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஊஃபரை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அவ்வளவுதான்!

அப்பா தவழ்வதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பத்து நிமிட வேலை இது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வேறு பெட்டி வாங்குவதைவிட இது மேல்.

ஒரே எச்சரிக்கை: ஊஃபரைக் கண்ணாடி அலமாரியிலோ, கட்டிலின் அடியிலோ வைக்கக் கூடாது. சில ஊஃபர்களில் காற்றுப் போக ஒரு துவாரம் இருக்கும். அதைச் சுவரோடு அடைக்கக் கூடாது.

சிவப்பும் கறுப்பும்

வயரை இணைக்கும் முன்பு எல்லாக் கருவிகளின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இதுதான் முதல் விதி.

ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனைகள் இருக்கும். ஆம்பிளிபயரிலும் அதேபோல இருக்கும். சிவப்பைச் சிவப்போடும், கறுப்பைக் கறுப்போடும் இணைக்க வேண்டும்.

மாற்றி இணைத்தால் என்ன? ஒலி வராமல் போகாது. வரும். அதனால்தான் பலர் இந்தத் தவறைக் கவனிப்பதே இல்லை! ஒரு பெட்டி காற்றை முன்னே தள்ளும்போது மற்றொரு பெட்டி பின்னே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். பேஸ் பறந்துவிடும். "கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று வசை விழும். குற்றம் இரண்டு அங்குல வயரில் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பேஸ் கூடினால் அதுதான் சரி.

ஊஃபரின் பின்புறத்தில் பெரும்பாலும் மூன்று குமிழ்கள் இருக்கும்.

முதல் குமிழ், ஒலியின் அளவு. இதைச் சுழியில் வைத்துவிட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஊஃபர் தனியாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு நூல் பின்னே திருப்புங்கள்.

இரண்டாவது, எல்லை பிரிக்கும் குமிழ். இந்த எல்லைக்குக் கீழே ஊஃபர். மேலே மற்றப் பெட்டிகள். பொதுவாக 80 ஹெர்ட்ஸ் நல்ல எல்லை. மற்றப் பெட்டிகள் மிகச் சிறியவையாக இருந்தால் 100 அல்லது 120 வரை போகலாம். தனி ஆம்பிளிபயரிலேயே இந்த எல்லையை வைக்கும் வசதி இருந்தால், ஊஃபரில் உள்ள குமிழைக் கடைசி வரை திருப்பி விட்டுவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு மேஸ்திரிகள் வேண்டாம்.

மூன்றாவது, 0 அல்லது 180 என்று எழுதிய சுவிட்ச். இரண்டிலும் மாற்றிப் போட்டு, எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. டி.வி.யில் செய்தியைப் போடுங்கள். ஆண் செய்தியாளர் வாசிக்கட்டும். அவர் குரல் பானைக்குள் பேசுவது போல இருந்தால் ஊஃபர் அதிகம். சாதாரண மனிதர் எதிரே உட்கார்ந்து பேசுவது போல இருந்தால் சரி.

படம் போகும் பாதை

சென்னையில் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி டெலிவிஷன் நிலையம் தொடங்கிய காலத்தில், ஆன்டெனாவிலிருந்து ஒரே ஒரு வயர் வந்தால் போதும். பிறகு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர்கள் வந்தன. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு.

இன்று படமும் ஒலியும் ஒரே வயரில் போகின்றன. அதன் பெயர் "எச்.டி.எம்.ஐ." இதன் முதல் விதிமுறை 2002-ம் ஆண்டு டிசம்பரில் வெளியிடப்பட்டது. தட்டையான தலை உள்ள இந்த வயரை எல்லா வீடுகளிலும் பார்க்கலாம்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கேபிள் பெட்டி டி.வி.யில் இணைக்கப்பட்டிருக்கிறது. படம் வருகிறது. ஆனால் ஒலி ஹோம் தியேட்டருக்கு எப்படிப் போகும்?

டி.வி.யின் பின்புறத்தைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துவாரங்கள் இரண்டு, மூன்று இருக்கும். அவற்றில் ஒன்றின் மேல் மட்டும் "ஏ.ஆர்.சி." அல்லது "இ.ஏ.ஆர்.சி." என்று எழுதியிருக்கும். இது இருவழிச் சாலை. இந்தத் துவாரத்தின் வழியாக டி.வி.யின் ஒலி திரும்பி ஹோம் தியேட்டருக்குப் போகும். இந்த வசதி 2009-ல் வந்தது. ஹோம் தியேட்டரிலும் இதே பெயருள்ள துவாரம் இருக்கும். இந்த இரண்டையும் ஒரே வயரால் இணைக்க வேண்டும். மற்றத் துவாரங்களில் செருகினால் ஒலி திரும்பாது.

பிறகு டி.வி.யின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், "ஒலி வெளியீடு" என்ற இடத்தில் ஏ.ஆர்.சி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, "வயர் கெட்டுவிட்டது" என்று கடைக்கு ஓடுபவர்கள் பலர்.

டி.வி.யில் ஏ.ஆர்.சி. இல்லையா? கவலை வேண்டாம். "ஆப்டிகல்" என்ற சிறு சதுரத் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் செருகும் மெல்லிய வயரில் மின்சாரம் ஓடாது. சிவப்பு வெளிச்சம் ஓடும். அந்த வெளிச்சமே ஒலியைச் சுமந்து செல்லும். 5.1 ஒலிக்கு அது போதும். அந்த வயரை மட்டும் கூர்மையாக மடிக்கக் கூடாது.

எச்.டி.எம்.ஐ. வயருக்கு அதிக விலை கொடுக்க வேண்டுமா? வேண்டாம். இதில் போவது எண் கணக்கு. கணக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தால், விலை குறைந்த வயரிலும் விலை உயர்ந்த வயரிலும் படம் ஒன்றுதான். தங்க முலாம் பூசியதால் படம் அழகாகிவிடாது. ஆனால் நீளம் முக்கியம். மிக நீளமான சாதாரண வயரில் 4-கே படம் விட்டு விட்டு மறையலாம். ஆகையால் தேவைக்கு மேல் நீளமான வயர் வாங்காதீர்கள்.

படத்தில் உதடு அசைந்த பிறகு வசனம் வந்தாலோ, வசனம் வந்த பிறகு உதடு அசைந்தாலோ பயப்பட வேண்டாம். டி.வி. படத்தைச் சீர்செய்ய எடுத்துக் கொள்ளும் சிறு நேரத்தால் பெரும்பாலும் ஒலி முந்திக் கொள்கிறது. அமைப்புப் பக்கத்தில் "ஒலித் தாமதம்" என்ற இடத்தில் அதைச் சரிசெய்யலாம்.

வாட் மோகம்

"5,000 வாட்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பெட்டிகள் கடைகளில் உண்டு. இதைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்கத்தில் சிறிய எழுத்தில் "பி.எம்.பி.ஓ." என்று இருக்கும். அது கணநேரத்துக் கற்பனைக் கணக்கு. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியை "ஆர்.எம்.எஸ்." என்ற அளவுதான் காட்டும். கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால், சக்தி ஏறக்குறைய 10 மடங்கு வேண்டும். சிறிய கூடத்துக்கு அவ்வளவு வாட் எதற்கு?

பணம் கொடுத்து வாங்கத்தக்க வேறு ஒரு பொருள் உண்டு. அது நல்ல எர்த் இணைப்பு. ஒலி இல்லாதபோதும் "உம்" என்று ஊஃபர் முனகினால், அது நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகைப் பிளக்கில் சேர்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கேபிள் டி.வி. வயரைக் கழற்றியதும் முனகல் நின்றால், அந்த வயர்தான் காரணம், கேபிள்காரரிடம் சொல்லுங்கள். முனகலை நிறுத்துவதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது உயிருக்கு ஆபத்து!

இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும். ஆனால் மின்னல் வெட்டத் தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள். வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

சுவர் தடுக்காத ஒலி

மாட வீதியில் சாமி புறப்பாடு வரும்போது, அடுத்த தெருவில் இருப்பவருக்கு முதலில் எது கேட்கிறது? நாதஸ்வரமா? இல்லை. முரசின் அடிதான் முதலில் கேட்கும். உயர்ந்த ஒலியைச் சுவரும் காற்றும் தடுத்துவிடும். தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து போகும்.

வீட்டு ஊஃபருக்கும் இதே குணம்தான். கூடத்தில் வசனமும் பாட்டும் சேர்ந்து கேட்கும். பக்கத்து வீட்டுக்கு வசனம் போகாது; பாட்டும் போகாது. "தம் தம்" மட்டும் போகும். பாட்டு இல்லாத அடி! அதைவிடத் தொல்லை வேறு உண்டா?

ஊஃபரின் அடியில் ரப்பர் மெத்தை வைத்தால் தரையின் அதிர்ச்சி குறையும். மாடி வீட்டில் இது உதவும். ஆனால் காற்று வழியே சுவரைக் கடக்கும் ஒலியை ரப்பர் தடுக்காது. குமிழ் ஒன்றுதான் தடுக்கும்.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்தது. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. சொந்த வீட்டில் உள்ள ஒலிக்கருவியானாலும், அந்த வீட்டின் எல்லையில் இந்த அளவுக்கு மேல் 5 டெசிபலைத் தாண்டக் கூடாது. சாதாரணப் பேச்சே சுமார் 60 டெசிபல் என்றால், இரவுக் கணக்கு எவ்வளவு குறைவு என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தைவிடப் பெரியது அண்டை வீட்டு அன்பு. சுவருக்கு அந்தப் பக்கம் பரீட்சைக்குப் படிக்கும் பெண் இருக்கலாம். இரவு வேலை முடித்து வந்து படுத்த தொழிலாளி இருக்கலாம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு வந்து அயர்ந்து தூங்குகிறவர்கள் இருக்கலாம்.

திருவண்ணாமலை அமைதிக்குப் பெயர் பெற்ற ஊர். 1896-ம் ஆண்டு இங்கு வந்த ரமண மகரிஷி மௌனத்தாலேயே உபதேசம் செய்தவர். அந்த அமைதியைத் தேடி உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் இங்கு வருகிறார்கள். உள்ளூர்க்காரருக்கும் அதில் பங்கு வேண்டாமா?

ஒரு வழி இருக்கிறது. படம் ஓடும்போது ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போங்கள். கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்று கேளுங்கள். "தம் தம்" கேட்டால் குமிழைக் குறையுங்கள். அதோடு, பக்கத்து வீட்டுக்குப் போய், "சத்தம் தொந்தரவா இருக்குங்களா?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். அவர்கள் வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

பல ஹோம் தியேட்டர்களில் "நைட் மோடு" என்ற வசதி உண்டு. வெடிச் சத்தத்தை அது குறைக்கும். மெல்லிய வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும். இரவு 10 மணிக்கு மேல் அதைப் போட்டுவிட்டு, ஊஃபரை அணைத்துவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை.

இன்று மாலையே செய்யலாம்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நாற்காலியை நடு அறையிலிருந்து நகர்த்துங்கள். தவழ்ந்து தேடி ஊஃபரின் இடத்தை மாற்றுங்கள். சிவப்பும் கறுப்பும் சரியா என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வயர் சரியான துவாரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுப்பெட்டியை வெளியே இழுத்து வையுங்கள். பேஸ் குமிழை ஒரு நூல் குறையுங்கள்.

பிறகு வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு படம் போடுங்கள். இடி இடிக்கும் இடத்தில் இடி கேட்க வேண்டும். கதாநாயகி மெதுவாகப் பேசும் இடத்தில், பாட்டிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். சுவருக்கு அப்பால் இருக்கும் குழந்தை தூங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் நடந்தால், உங்கள் வீட்டுத் தியேட்டர் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.